குங்குமப்பூப் பாத்திக்குச் சொட்டுநீர் கிட்: எது சரி, எதை மாற்ற வேண்டும்

நூறு சதுர மீட்டருக்கு என்று அட்டைப்பெட்டியில் வரும் சொட்டுநீர் கிட்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கின்றன. பாத்தியில் விரிக்கும் 16 மில்லிமீட்டர் கருப்பு லேட்டரல் குழாய், அதற்குள்ளேயே பதித்த டிரிப்பர்கள் (நீர் சொட்டும் வாய்கள்), ஒரு சின்ன ஸ்கிரீன் ஃபில்டர், ஒரு பால் வால்வு, பேட்டரியில் ஓடும் டைமர், கிராமெட் (ரப்பர் வளையம்), டேக்-ஆஃப் (மெயின் குழாயில் இருந்து கிளை எடுக்கும் இணைப்பு), எண்ட் கேப் (முனை மூடி), அடைப்புக்குச் செருகும் பிளக் கொஞ்சம். சிலவற்றில் மண்ணில் குத்திப் பார்க்கும் ஈரமானியும், உரக் கரைசலை உறிஞ்சி நீரோடு கலக்கும் வென்சுரியும் உண்டு. இந்த வகைப் பெட்டியைக் குங்குமப்பூ என்ற ஒரே பயிரை வைத்து இங்கே எடைபோடுகிறோம்.

காய்கறிக்கு இது நல்ல கிட். குங்குமப்பூவுக்கு வந்தபடியே விரித்தால் கிழங்கு அழுகும், இல்லையென்றால் பாதிப் பாத்தி காய்ந்து கிடக்கும். ஒரே பாத்தியில் இரண்டும் நடப்பதும் உண்டு. குழாயை வைத்துக்கொள்ளலாம், ஃபில்டரை மாற்ற வேண்டும், டைமரை எடுத்துவிட வேண்டும். காரணங்கள் அந்தப் பயிரின் ஆண்டுச் சுழற்சியில் இருக்கின்றன.

குங்குமப்பூ கோடையில் தூங்கும் பயிர். இலையும் வேரும் இல்லாமல் மண்ணுக்குள் வெறும் கிழங்காகக் கிடக்கும். அப்போது அதற்குத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் அந்தத் தூக்கத்தில்தான் 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் சூட்டில் கிழங்குக்குள் பூ மொட்டு உருவாகிறது. பிறகு சூடு 15 முதல் 17 டிகிரிக்கு இறங்கும்போது பூ மண்ணைத் துளைத்து வெளியே வருகிறது. பூ முடிந்ததும் இலை நீளும். குளிர்காலமும் வசந்தமும் முழுக்க அந்த இலை சேர்க்கும் மாவுச்சத்தில் தாய்க் கிழங்கின் மேல் சேய்க் கிழங்குகள் பருக்கும், தாய் வற்றிப்போகும். அடுத்த ஆண்டுப் பூ அந்தச் சேய்களில் இருந்துதான். ஆக ஆண்டில் தண்ணீர் வேண்டிய இடங்கள் மூன்றே: பூக்கும் முன் ஒரு நல்ல நனைப்பு, பூப் பறித்து முடிந்ததும் ஒன்று, வசந்தத்தில் கிழங்கு பருக்கும்போது சில. மற்ற நாள்களில் எல்லாம் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

ஈரானின் குராசான் பகுதியில் பாத்தி நிரப்பிப் பாய்ச்சும் உழவர்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 3000 கன மீட்டர் நீர் தருகிறார்கள். அதாவது 300 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். கிட் அளவுப் பாத்திக்கு இதைப் பெருக்கினால் ஆண்டு முழுவதற்கும் 30,000 லிட்டருக்குள் அடங்கும், பெய்கிற மழையை அதில் கழித்துக்கொள்ளலாம். காஷ்மீரின் பாம்பூர் மேட்டுநிலங்களில் பரம்பரையாக மானாவாரிதான். ஆகஸ்ட், செப்டம்பர் மழை பொய்த்த ஆண்டுகளில் பூ குறைந்து குறைந்து, 2010இல் தொடங்கிய தேசிய குங்குமப்பூ இயக்கத்தில் ஆழ்துளைக் கிணறும் தெளிப்பானும் அந்த நிலங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. சிறு அளவு நீர்தான், ஆனால் தவறக்கூடாத வேளையில். கிட்டை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

குழாயில் இருந்து தொடங்கலாம். காய்கறிக் கிட்டில் டிரிப்பர்கள் 50 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்று, மணிக்கு 4 லிட்டர் விடும். பாத்திக்கு ஒரு வரிசைக் குழாய் போதும் என்று படம் போட்டிருப்பார்கள். ஒரு செடிக்கு ஒரு டிரிப்பர் என்ற கணக்கு அது. குங்குமப்பூவில் வரிசைக்கு வரிசை 20, கிழங்குக்குக் கிழங்கு 10 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 50 கிழங்குகள். இங்கே செடியை நனைக்கும் பேச்சே இல்லை, பாத்தி முழுதும் ஒரே விரிப்பாக நனைய வேண்டும். அதனால் வாங்கும்போதே 30 சென்டிமீட்டர் இடைவெளி, மணிக்கு 2 லிட்டர் குழாயாகக் கேட்டு வாங்குங்கள். 1.2 மீட்டர் அகலப் பாத்திக்கு 40 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று குழாய்கள் போடுங்கள். பத்து மீட்டர் நீளத்தில் எட்டுப் பாத்தி என்றால் 96 சதுர மீட்டர், 240 மீட்டர் குழாய், 800 டிரிப்பர்கள். பெட்டியில் வரும் குழாய் இதற்குப் போதாது. கூடுதல் சுருள் ஒன்று வாங்காமல் தீராது.

அந்த அமைப்பு மணிக்கு 1600 லிட்டர் விடும். பரப்பால் வகுத்தால் மணிக்கு 16.7 மில்லிமீட்டர். மணற்பாங்கான மண் இதை உறிஞ்சிக்கொள்ளும். களி கலந்த மண் மணிக்கு 5 முதல் 10 மில்லிமீட்டருக்கு மேல் வாங்காது. மிச்சம் மேலே தேங்கி, பாத்தியின் தாழ்ந்த மூலைக்கு ஓடும். அந்த மூலையில்தான் முதல் அழுகல் தெரியும். களிமண்காரர்கள் மணிக்கு 1 லிட்டர் டிரிப்பருக்குப் போனால் விகிதம் 8.3 மில்லிமீட்டராகக் குறையும். 2 லிட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் இருபது நிமிடம் திறந்து நாற்பது நிமிடம் மூடுவதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இனி பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரு வாசகம்: தொட்டி போதும், மோட்டார் வேண்டாம். உண்மைதான், ஆனால் கணக்கு தலைகீழாக மாறும். டிரிப்பரில் எழுதியிருக்கும் 2 லிட்டர் ஒரு பார் அழுத்தத்துக்கானது, அதாவது பத்து மீட்டர் உயரத் தொட்டிக்கு. சாதாரண டிரிப்பரில் நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். ஒரு மீட்டர் உயர மேடையில் தொட்டி வைத்தால் 2 லிட்டர் 0.63 லிட்டராகச் சுருங்கும். 20 மில்லிமீட்டர் நனைக்க ஒரு பாரில் 1 மணி 12 நிமிடம் ஆகும் என்றால், இங்கே நான்கு மணி நேரம் ஆகும். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்தால் அதற்கும் மேலே. ஒரு மணி நேரம் திறந்துவிட்டு நனைந்தது என்று நம்பிப் போனவர்களின் கிழங்கு வசந்தத்தில் சிறுத்துப்போவது இதனால்தான்.

தொட்டியில் இன்னொரு சிக்கல் தரைமட்டம். ஒரு மீட்டர் அழுத்தத்தில் பாத்திகளுக்குள் 20 சென்டிமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு மாறும், நீர் அளவு பத்தில் ஒரு பங்கு மாறும். இதைச் சரிசெய்ய அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் வாங்கலாம் என்று கடையில் சொல்வார்கள். அந்த வகைக்கு வேலை செய்யவே பொதுவாக அரை பார் அளவாவது வேண்டும், தாழ்ந்த தொட்டியில் அது பயன்படாது. தொட்டிதான் வழி என்றால் சாதாரண டிரிப்பர், சமப்படுத்திய பாத்தி, முடிந்தவரை உயர்ந்த மேடை. மோட்டார் இருந்தால் சமன்செய்யும் வகையும், ஒரு பாருக்குக் கட்டிவைக்கும் பிரஷர் ரெகுலேட்டரும்.

எப்படியும் விரித்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். மண் மூடும் முன் பதினாறு இடங்களில் டிரிப்பருக்குக் கீழே கிண்ணம் வையுங்கள். குழாயின் தொடக்கம், நடு, கடைசி, மேடு, பள்ளம் எல்லாம் அதில் வர வேண்டும். 15 நிமிடம் ஓடவிட்டு அளந்தால் 2 லிட்டர் டிரிப்பரில் அரை லிட்டர் விழுந்திருக்க வேண்டும். மிகக் குறைவான நான்கு கிண்ணங்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் 0.9 வந்தால் நன்று. 0.8க்குக் கீழே போனால் கிழங்கு நடாதீர்கள். கடைசிக் கிண்ணங்கள் மட்டும் குறைந்திருந்தால் குழாய் நீளம் அல்லது மெயின் குழாயின் விட்டம்தான் காரணம். அங்கங்கே சிதறிக் குறைந்திருந்தால் அடைப்பு.

அடைப்பு என்றதும் ஃபில்டர். பெட்டியில் வருவது கைவிரல் நீளமுள்ள ஸ்கிரீன் ஃபில்டர். கண்ணித்துளை 130 மைக்ரான் அளவில் இருந்தால் டிரிப்பருக்கு அது சரிதான், குறை அதன் பரப்பளவில். கிணற்றுநீர் சுத்தமாக இருந்தால் சமாளிக்கும். குட்டை, திறந்த தொட்டி, பாசி படிந்த நீர் என்றால் அரை மணியில் வழவழப்பு ஒட்டி ஓட்டம் பாதியாகிவிடும். அங்கே அதே 130 மைக்ரானில், வரியிட்ட வட்டுகளை அடுக்கிய டிஸ்க் ஃபில்டர்தான் தாக்குப்பிடிக்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் இடம் கிட்டில் இல்லை. இரு பக்கமும் ஒவ்வொரு டி-இணைப்பு போட்டு இரண்டு கேஜ் பொருத்துங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் கழுவும் நேரம் வந்துவிட்டது. தொட்டியை மூடி இருட்டாக வைத்தாலே பாசி பாதி குறையும்.

எண்ட் கேப்பைப் பற்றி ஒரு சொல். எட்டின் வடிவில் மடித்துச் செருகும் வளையம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், திறந்து அலசுவது எளிது. உருக்கி ஒட்டிய முனை வந்தால் வெட்டி எறியுங்கள். ஆண்டில் நாலைந்து தடவைதான் நீர் ஓடும் அமைப்பு இது. இடையில் காய்ந்த உப்பும் மண்ணும் குழாயின் கடைசியில்தான் சேரும். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நிமிடம் முனையைத் திறந்துவிட்டு, தெளிவான நீர் வந்த பிறகு மூடுங்கள். கடின நீரில் வெள்ளைப் படிவு டிரிப்பர் வாயில் கட்டும். பாஸ்போரிக் அமிலம் கலந்து அலசலாம். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

டைமர். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கடையில் வரும்போதே அதில் தினசரித் திட்டம் பதிந்திருக்கும், பெரும்பாலும் நாளுக்குப் பத்து நிமிடம். நம் அமைப்பில் பத்து நிமிடம் என்றால் 2.8 மில்லிமீட்டர். அது மேல்மண்ணில் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் ஈரமாக்கும். கிழங்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. களை மட்டும் செழிக்கும். சூடான மாதங்களில் இப்படியே நாள்தோறும் சொட்டிக்கொண்டிருந்தால் ஈரம் மெல்லக் கீழிறங்கும். தூங்கும் கிழங்கைச் சூட்டிலும் ஈரத்திலும் வைப்பது ஃபியூசேரியம் பூஞ்சைக்கு விருந்து வைப்பது போல. பழுப்புப் புள்ளியில் தொடங்கி, அமுக்கினால் பஞ்சாகிப் பிறகு கூழாகும். அக்கம்பக்கத்துக் கிழங்கும் போகும். மருந்தடித்து மீட்டெடுக்கும் நோய் அல்ல இது. கைவால்வு போதும், ஆண்டுக்குச் சில தடவை திறக்க மனிதர் போதும்.

வால்வின் மூடலையும் சோதியுங்கள். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் பால் வால்வு ஒன்றிரண்டு பருவத்துக்குப் பிறகு கசியத் தொடங்கும். வினாடிக்கு ஒரு சொட்டு என்பது பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தாலும் நாளுக்கு 4.3 லிட்டர், மூன்று மாதத்தில் 390 லிட்டர். அந்த நீர் எட்டுப் பாத்திக்கும் பிரிந்து போகாது. எல்லாம் மிகத் தாழ்ந்த ஒன்றிரண்டு டிரிப்பர் வழியாக ஒரே இடத்தில் இறங்கும். ஒரு மூலை மட்டும் ஆண்டுதோறும் முளைக்காமல் போகிறது என்றால் மண்ணைப் பழிக்கும் முன் வால்வைப் பாருங்கள்.

பூக்கும் முன் தரும் முதல் நனைப்பில் கிட் எப்படி? இங்கேதான் சொட்டுநீர் சற்றுத் தடுமாறுகிறது. கோடையில் இறுகிய மண், மேலே பொருக்கு. பூவைச் சுமந்து வரும் வெண்ணிற உறை அந்தப் பொருக்கைக் குத்தித் துளைக்க வேண்டும். டிரிப்பருக்கு அடியில் வட்டமாக நனைந்து, நடுவில் காய்ந்த தீவுகள் நின்றால் பூ அங்கே தாமதமாகும், வளைந்து வரும், சில உள்ளேயே கருகும். மணற்பாங்கில் நனைவட்டம் ஒன்றை ஒன்று தொடாமலே போகும். ஈரானில் முதல் பாய்ச்சலுக்குப் பாத்தி நிரப்புகிறார்கள், காஷ்மீரின் புதிய அமைப்பு தெளிப்பான். இரண்டும் மேற்பரப்பு முழுவதையும் நனைப்பவை. என் கணிப்பில் இந்த ஒரு நனைப்புக்கு மட்டும் மைக்ரோ ஸ்பிரிங்ளர் அல்லது மழைத்தூவான் குழாய் சொட்டுநீரைவிட மேல். அதே மெயின் குழாயில் ஒரு டேக்-ஆஃப் எடுத்து இணைத்துவிடலாம். துளி சிறியதாக இருக்கட்டும், பெரிய துளி களிமண்ணை அடித்துப் புதுப் பொருக்கு கட்டும். காற்று அடங்கிய அதிகாலையில் ஓட்டுங்கள்.

அளவு: காய்ந்த வண்டல் மண் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் நீரைப் பிடித்துக்கொள்ளும். வேர் போகும் 25 சென்டிமீட்டர் வரை நனைய 35 முதல் 40 மில்லிமீட்டர் வேண்டும், 96 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3,800 லிட்டர். மறுநாள் ஒரு இடத்தில் தோண்டி ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மண் கையில் ஒட்டாமல் பொலபொலக்கும் பதம் வந்ததும் பொருக்கை மேலாகக் கிளறிவிட வேண்டும். கொத்து 5 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, முளை முறியும்.

நாள் குறிப்பதற்குக் காலண்டரை நம்பாதீர்கள். கிழங்கு ஆழத்தில் தெர்மாமீட்டர் குத்தி வையுங்கள். சூடு 17 டிகிரியை நெருங்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது நனைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பூ எழும். மண் இன்னும் சூடாக இருக்கும்போது அவசரப்பட்டு நனைத்தால் வேர் கிளம்பியும் பூ வராமல் கிழங்கு வெறுமனே ஈரத்தில் காத்திருக்கும். மிகத் தாமதித்தால் பூவும் இலையும் சேர்ந்தே வரும், இலைக்குள் கைவிட்டுப் பூப் பறிப்பது இரட்டை வேலை.

பூ எழத் தொடங்கியதும் நீர் முழு நிறுத்தம். தெளிப்பான் பக்கமே போகக்கூடாது. திறந்த பூவில் நீர் பட்டால் சூலகமுடி, அதாவது நாம் எடுக்கும் சிவப்பு இழை, நிறமும் மணமும் இழக்கும், சேறு தெறித்ததைக் கழுவவும் முடியாது. ஒரு கிராம் காய்ந்த குங்குமப்பூவுக்கு 150 பூ போல வேண்டும். கிழங்குக்கு ஒரு பூ என்றால் இந்த 4,800 கிழங்கும் தருவது 32 கிராம். அதில் கொஞ்சம் கெட்டாலும் கையில் தெரியும். பறிப்பு மூன்று வாரம் வரை இழுக்கும். அந்த நாள்களில் குழாய் பாத்தியின் மேல் கிடந்தால் காலில் சிக்கும். குழாய்களை வரிசைகளுக்கு நடுவில், வளைந்த கம்பி ஆணியால் அரை மீட்டருக்கு ஒன்றாக அழுத்தி வையுங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் ஆணி இறுகிய மண்ணில் உடையும். மெல்லிய டேப் வகைக் குழாய் இந்தப் பயிருக்கு வேண்டாம். கிளறும்போது கொத்து படும், எலியும் கடிக்கும். எலி கிழங்கையும் தேடி வரும் என்பதால் கடிபட்ட குழாயைக் கண்டால் பாத்தியையும் சுற்றிப் பாருங்கள்.

பூ முடிந்ததும் 20 மில்லிமீட்டர் நனைப்பு. இங்கிருந்து சொட்டுநீர்தான் ராஜா. இலையை நனைக்காமல் வேருக்கு விடும், வரிசை இடையில் களையும் குறையும். கடுங்குளிரில் மழையோ பனியோ இருந்தால் தொட வேண்டாம், உறைபனி வரும் இடத்தில் ஃபில்டரிலும் வால்விலும் நீரை வடித்து வையுங்கள், வெடித்துவிடும்.

வசந்தத்தை நிறையப் பேர் கைவிடுகிறார்கள். பூ முடிந்தது, பணம் வந்தாயிற்று என்ற நினைப்பு. ஆனால் பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை, வடகோளக் கணக்கில், கிழங்கு பருக்கும் காலம் இதுதான். இங்கே காய்ந்தால் சேய்க் கிழங்கு எண்ணிக்கையில் வரும், எடையில் வராது. 8 கிராமுக்குக் குறைந்த கிழங்கை நம்பிப் பூவை எதிர்பார்க்க முடியாது. மழை இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 15 முதல் 20 மில்லிமீட்டர். கிட்டின் உண்மையான பயன் இந்த மூன்று மாதத்தில்தான் இருக்கிறது.

ஈரமானியை நம்ப வேண்டாம். இரண்டு உலோகம் கொண்ட அந்தக் குச்சி ஈரத்தோடு உப்பையும் சேர்த்துக் காட்டும், மண் இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் காய்ந்தது என்று பொய் சொல்லும். 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாகி, தட்டினால் உதிர்ந்தால் இன்னும் நீர் வேண்டாம். உருண்டையே பிடிக்காவிட்டால் திறக்கலாம். உப்பு நீருக்கும் இந்தப் பயிர் ஒத்துவராது. இலை நுனி கருகினால் வறட்சி என்று நினைத்து மேலும் விடாமல் நீரின் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். சொட்டுநீரில் உப்பு நனைவட்டத்தின் ஓரத்தில் சேரும். ஆண்டுக்கு ஒரு முறை தெளிப்பான் ஓட்டுவது அதைக் கழுவவும் உதவும்.

வென்சுரி இந்தப் பரப்புக்குத் தேவையில்லை, அழுத்தத்தை வேறு தின்னும். அறைக்குள் தட்டுகளில் கிழங்கை அடுக்கிப் பூக்க வைப்பவர்களுக்கு இந்தக் கிட்டே வேண்டாம். பூ கிழங்குக்குள்ளேயே இருப்பதால் காற்றின் ஈரமும் சூடும் சரியாக இருந்தால் தண்ணீர் இல்லாமலே பூக்கும். பிறகு மண்ணுக்கு மாற்றும்போதுதான் பாசனம்.

இலையில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சளானால் அதற்குப் பின் நீர் இல்லை. பச்சையாக இருக்கிறதே என்று இன்னொரு முறை விடத் தோன்றும், விடாதீர்கள். முனைகளைத் திறந்து குழாயை அலசி, நிழலில் சுருட்டி மாட்டுங்கள். சேய்க் கிழங்கு தாய்க்கு மேலேயே வளர்வதால் பாத்தி ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலேறி வரும், அந்த அளவுக்கு மண் அணைக்கவும் குழாய் இல்லாத பாத்திதான் வசதி. வால்வை மூடினால் மட்டும் போதாது. மெயின் குழாயை வால்வில் இருந்து கழற்றி, வாயைக் கட்டி, கோடை முடியும் வரை தனியே வையுங்கள்.